வாசகர் கேள்வி–பதில்: செஞ்சிக் கோட்டை

கேள்வி: எழுபது வயதை நெருங்கும் என் தாயாரையும் பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் பயணமாகச் செஞ்சிக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். ராஜகிரியின் உச்சிக்கு ஏறாமல் திரும்பினால் பயணம் வீணாகிவிடுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நிச்சயமாக வீணாகாது. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம் உடையது. உச்சிக்குச் செங்குத்தான படிகள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்தி ஏற்ற வேண்டாம். செஞ்சி என்பது ஒரு குன்றின் மேல் நிற்கும் கோட்டை அன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீள மதிலால் இணைத்து, இடைப்பட்ட சமவெளி முழுவதையும் அரணாக்கிய அமைப்பு அது. ஆகவே அடிவாரத்தில் நிற்பவரும் கோட்டைக்குள்தான் நிற்கிறார். கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயங்கள், ஆனைக்குளம் ஆகியவற்றைத் தாயார் நிதானமாக நடந்தே பார்த்துவிடலாம்.

பிள்ளைகளுக்கு நீங்கள் காட்ட வேண்டியது தண்ணீர். முகலாயப் படை 1690-இல் வந்து முற்றுகையிட்டும் 1698-இல்தான் இக்கோட்டையைக் கைப்பற்ற முடிந்தது. அதற்குக் காரணங்கள் பல இருந்தாலும், அத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள் என்ற கேள்வியோடு சுற்றிப் பார்த்தால் கோட்டையே வேறாகத் தெரியும். மலைமேல் சுனை, அடிவாரத்தில் சக்கரக்குளம், அங்கிருந்து கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்வழியே வந்த நீர் என்று ஒவ்வொன்றாக அவர்களையே தேடச் சொல்லுங்கள். மதிலின் உயரத்தை வியந்துவிட்டு இவற்றைக் கவனியாமல் திரும்புகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிள்ளைகள் மலையேறுவதானால் பெரியவர் ஒருவர் துணையுடன் காலையில் முதல் வேளையாக ஏறட்டும். வெயில் ஏறிய பிறகு பாறை அனலாகக் கொதிக்கும். குடிநீர் கட்டாயம் வேண்டும். குரங்குகள் மிகுதி என்பதால் தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டுச் செல்ல வேண்டாம். உச்சிக்குச் சற்றுக் கீழே, ஆழமான பாறைப் பிளவின் மேல் ஒரு சிறு பாலம் வரும். அதை அகற்றிவிட்டால் சிலரே நின்று பெரும்படையைத் தடுத்துவிடலாம் என்பது அங்கே நின்று பார்த்தால் தானாகவே விளங்கும்.

கேள்வி: தேசிங்கு ராஜன் உண்மையில் வாழ்ந்தவரா?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: வாழ்ந்தவர்தான். தேஜ் சிங் என்பது அவருடைய பெயர். தந்தை சொரூப் சிங்குக்குப் பின் கோட்டையைப் பெற்ற அவர், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு 1714-இல் மாண்டார். ஓராண்டுகூட நிறைவடையாத ஆட்சியை நம் கதைப்பாடல்கள் மூன்று நூற்றாண்டுகளாகக் காத்து வந்திருக்கின்றன.

கேள்வி: தமிழ்நாட்டுக் கோட்டையை யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்தது முறையா?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே. சிவாஜி 1677-இல் பிஜாப்பூரிடமிருந்து இதைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் இங்கிருந்தே அரசாண்டார். எனவே அந்த வரிசையில் சேர்த்தது முறையே. ஆனால் கோனார் மரபினர் தொடங்கி நாயக்கர், பிஜாப்பூரார், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் வரை பலர் கைமாறிய கோட்டையை ஒருவருக்கு மட்டும் உரியதாக நினைத்துவிடக் கூடாது. நாயக்கர் காலத்து வேங்கடரமணர் கோயிலையும் நவாப் காலத்துப் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு வாருங்கள். செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் பெயர்த்துச் சென்ற கல்தூண்களைப் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி இன்றும் காணலாம்.