சபா வாசலில் என்ன தயக்கம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சங்கீதம் பற்றியவை. சபா ஒன்றின் வாசலில் பல வருடம் டிக்கெட் கிழித்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மார்கழிக் கச்சேரி கேட்க ஆசை. ஆனால் டிக்கெட் விலை, பட்டுப்புடவைக் கூட்டம், ராகம் தெரியாத பயம். எங்களைப் போன்றவர்கள் வரலாமா? (வாசகி, வியாசர்பாடி)

தாராளமாக வாருங்கள். பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. பாடுவது இளசுகள். இன்றைய பெரிய பெயர்கள் சிலரை நான் முதலில் கேட்டது ஹால் பாதி காலியாக இருந்த அந்த வேளையில்தான். பருத்திப் புடவையை யாரும் தடுக்க மாட்டார்கள். சிலர் ஏற இறங்கப் பார்ப்பார்கள், அதை மறைப்பானேன்? ராகம் தெரியாதது குறையே இல்லை. முன்வரிசை மாமாக்களே மடியில் ராகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாகப் புரட்டுவார்கள்.

கேள்வி: கதையைப் பாட்டாகவே பாடி நடிக்கும் ஓபராவைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோக மேல்நாட்டில் நிறைய செய்திருக்கிறார்களாமே. அதில் நமக்கு எது பொருந்தும்? (வாசகர், அம்பத்தூர்)

லண்டனில் 1895-இல் தொடங்கிய ப்ராம்ஸ் என்ற மேல்நாட்டு சாஸ்திரிய இசைக் கச்சேரிகளில், நின்றுகொண்டு கேட்பவர்களுக்கு இன்றும் மலிவு டிக்கெட் உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006 முதல் சினிமாத் தியேட்டர்களுக்கு நேரடியாக ஒளிபரப்புகிறது. எனக்குப் பிடித்தது வேறு. 1983-இல் டொரான்டோவில் 'எலெக்ட்ரா' என்ற ஜெர்மன் ஓபரா நடந்தபோது, பாடுகிற வரிகளின் ஆங்கில அர்த்தத்தை மேடைக்கு மேலே திரையில் காட்டினார்கள். கவனம் சிதறும் என்று பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் அது ஊர் ஊராகப் பரவியது. மெட்ரோபாலிட்டனில் 1995 முதல் ஒவ்வொரு இருக்கைக்கு எதிரிலும் சின்னத் திரை, வேண்டாதவர் அணைத்துவிடலாம்.

இங்கே? மூன்று மணி நேரம் தெலுங்கும் சமஸ்கிருதமும் கேட்டுவிட்டு, பாடியது யார் இயற்றிய பாட்டு என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்குப் போகிறார்கள். தமிழில் பாடுங்கள் என்ற கோபத்தில்தான் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. நியாயமான கோபம். அதற்காகத் தெலுங்கில் இயற்றிய தியாகராஜரை விட்டுவிட முடியுமா? அர்த்தத்தைச் சொல்லிவிட்டால் போயிற்று.

ஒரு சிக்கல் உண்டு. ஓபராவில் ஒவ்வொரு வரியும் முன்பே முடிவானது; திரையை இயக்குபவர் இசைக்குறிப்பைப் பார்த்து பட்டனை அழுத்துவார். நம் வித்வான் அடுத்து என்ன பாடுவார் என்பது சில சமயம் மிருதங்கக்காரருக்கே தெரியாது. வார்த்தையே இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனைக்கு என்னத்தை எழுதுவது? எழுத வேண்டாம். பாட்டு ஆரம்பித்ததும் ராகம், இயற்றியவர், பல்லவியின் அர்த்தம், இவ்வளவு போதும். ஒரே வரியைப் பல விதமாகத் திரும்பத் திரும்பப் பாடுகிற நிரவலுக்கு எடுத்த வரியை மட்டும் நிறுத்திக் காட்டுங்கள். அந்த ஒரே வரி ஏன் இத்தனை நேரம் சுற்றுகிறது என்பது புதியவருக்கு அப்போது பிடிபடும். நகைக்கடை விளம்பரத்துக்காகத் திரை ஏற்கெனவே இருக்கிற சபாக்கள் உண்டு. இல்லையென்றால் பாடகர் வாயைத் திறந்து சொல்லட்டும். சிலர் சொல்கிறார்கள், அப்போது ஹால் நிமிர்ந்து உட்காருவதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஓபராப் பாடகர்கள் மைக் இல்லாமலா பாடுகிறார்கள்? (வாசகர், குரோம்பேட்டை)

ஆமாம். பயிற்சியால் அவர்கள் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3,000 அதிர்வு) பக்கத்தில் ஒரு வலு சேர்கிறது. வாத்தியங்களின் சத்தம் அந்த இடத்தில் குறைவு என்பதால் குரல் தனியாகக் கேட்கும். நம் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் குழந்தைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்ததுண்டு. நடக்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள்.

கேள்வி: நடுவில் சினிமாப் பாட்டு பாடினால் கூட்டம் வருமே? (கல்லூரி மாணவி, அடையாறு)

வரும், சினிமாப் பாட்டுக்கு. உங்கள் பக்கத்திலேயே, ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழாவைப் பாருங்கள். கர்நாடகக் கச்சேரி, பறையாட்டம், வில்லுப்பாட்டு எல்லாம் மீனவர் குப்பத்தில் ஒரே மேடையில். எதையும் எதோடும் குழப்பவில்லை.

கேள்வி: கச்சேரி கேட்காமல் கேன்டீனுக்கு மட்டும் போகலாமா? (வாசகர், மேற்கு மாம்பலம்)

போகலாம். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்குமுன் போய்விடுங்கள். அப்புறம் பாதி ஹால் எழுந்து வந்து உங்களுக்கு முன்னால் டோக்கன் வாங்கிவிடும்.