யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம்: கடவுள் ஒருவரே என்றால் வேதங்கள் ஏன் வேறு?

மூன்று மதங்களும் ஆபிரகாமின் கடவுளையே வணங்கும்போது வேதங்கள் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். 1990இல் விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் பின்னர் திரும்பி வந்த சோனகத் தெரு முஸ்லிம் நண்பர் ஒருவரோடு இதைப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன்.

குர்ஆனையும் பைபிளையும் நேருக்கு நேர் வைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. முஸ்லிம்களுக்குக் குர்ஆன், முகம்மது நபிக்கு அருளப்பட்ட இறைவனின் நேர்ச்சொல். எங்களுக்கு இறைவாக்கு என்பது மனிதராகப் பிறந்த இயேசுவே. நற்செய்திகள் அவரைப் பற்றிய சாட்சியம். ஆகவே குர்ஆனுக்கு இணையாக வைக்க வேண்டியவர் இயேசு. யூதர்களுக்குத் தோரா, கடவுளோடு செய்த உடன்படிக்கையின் சட்டம். அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று அறிஞர்கள் நடத்திய வாதங்களைத் தால்மூட் தொகுத்து வைத்திருக்கிறது, ஏற்கப்படாத கருத்துகளையும் விடாமல். அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நூல் கணக்கிலும் வேறுபாடு உண்டு. யூதர்களின் 24 நூல்களே புரட்டஸ்தாந்தரின் பழைய ஏற்பாட்டில் 39ஆகப் பிரிந்திருக்கின்றன. எங்கள் பைபிளில் 73 நூல்கள், புரட்டஸ்தாந்தருடையதில் 66. யூதர்களின் ஹனுக்கா பண்டிகை பிறந்த வரலாற்றைச் சொல்லும் மக்கபேயர் நூல்கள் யூத வேதத்தில் இல்லை, கத்தோலிக்க பைபிளில் இருக்கின்றன!

மகனைப் பலியிடச் சென்ற தந்தையின் கதையை மூவரும் போற்றுகிறோம். யூதர்கள் புத்தாண்டில் அதை வாசிக்கிறார்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு நடக்கும் எங்கள் பாஸ்கா திருவிழிப்பிலும் அது வாசகம். ஹஜ்ஜுப் பெருநாளில் முஸ்லிம்கள் கொடுக்கும் குர்பான் என்னும் பலியும் அதன் நினைவே. தொடக்கநூல் 22இல் மகன் ஈசாக்கு. "ஆட்டுக்குட்டி எங்கே?" என்று அவன் கேட்கும்போது, கடவுளே பார்த்துக்கொள்வார் என்று மட்டும் ஆபிரகாம் சொல்கிறார். குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்திலோ, தாம் கண்ட கனவை இப்றாஹீம் (ஆபிரகாம்) மகனிடமே சொல்லி அவன் கருத்தைக் கேட்கிறார்; அவனும் மனமுவந்து சம்மதிக்கிறான். மகனின் பெயர் அங்கே இல்லை. அவன் ஈசாக்கின் அண்ணன் இஸ்மாயீல் என்பது பெரும்பான்மை முஸ்லிம்களின் நம்பிக்கை. ஒன்றில் தந்தையின் தனிமை, மற்றதில் இருவரின் பணிவு. இரண்டுமே என்னை உலுக்குகின்றன.

உண்மையான பிரிவு சிலுவையில்தான். ஈஸா நபி (இயேசு) கன்னி மர்யமிடம் பிறந்தவர், மஸீஹ் (மெசியா) என்பதைக் குர்ஆன் ஏற்கிறது. அவர் சிலுவையில் கொல்லப்பட்டதை 4:157 மறுக்கிறது. யூதர்களோ அவரை மெசியாவாகவே ஏற்பதில்லை. ஆதாமின் பாவம் மனித இனத்தையே பற்றியது, அதற்கு மீட்பர் வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. ஆதாம் மனம் வருந்தினார், இறைவன் மன்னித்தான், ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்கிறது குர்ஆன். யூதர்களும் சென்மப் பாவத்தை ஏற்காமல், யோம் கிப்பூர் என்னும் பாவப் பரிகார நாளில் நோன்பிருந்து நேரடியாகக் கடவுளிடமே மன்னிப்புக் கேட்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கும் நண்பருக்கும் உடன்பாடு கிடையாது. எல்லாம் ஒன்றே என்று பூசி மெழுகவும் இருவருக்கும் மனமில்லை.

படிக்கத் தொடங்குவதானால் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தையும் குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.