ஆன்டெனாவா, கேபிளா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சிற்றலை முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே ஆன்டெனாவில் கேட்க முடியுமா? (எண்ணூர்)

முடியாது. 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே டிஸ்கோன் (தட்டும் கூம்பும் சேர்ந்த, பல அலைவரிசைகளைப் பிடிக்கும் ஆன்டெனா). சிற்றலைக்குப் பத்து மீட்டர் நீளக் கம்பி. உங்கள் டாங்கிள் (கணினியின் யூஎஸ்பியில் செருகும் ரேடியோ வாங்கி) 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குமா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் அறிவிக்கும் ஏஐஎஸ் சிக்னலுக்கு டிஸ்கோன் வேண்டுமா? (காசிமேடு)

வேண்டாம். அது 162 மெகாஹெர்ட்ஸ். 46 சென்டிமீட்டர் செங்குத்துக் கம்பியும், அடியில் அதே நீளத்தில் நான்கு கம்பிகளும் போதும்.

கேள்வி: மொட்டை மாடியில் டிஸ்கோன் மாட்டி ஒன்றரை ஆண்டாகிறது. முன்பு விமானிகளின் பேச்சு தெளிவாகக் கேட்டது; இப்போது இரைச்சல்தான். விலை கூடிய ஆன்டெனா வாங்கலாமா? (ராயபுரம்)

வாங்காதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் பழி ஆன்டெனா மேல்தான் விழுகிறது! மாடிக்குப் போய், கேபிளின் மேல்முனை கனெக்டரைக் கழற்றுங்கள். நடு ஊசியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கேபிளின் மேலுறையை ஒரு விரற்கடை கீறிப் பாருங்கள்: பளபளக்க வேண்டிய பின்னல் கறுத்துப்போய், தொட்டால் விரலில் பொடியாக ஒட்டும். சன்னல் கம்பியையே அரிக்கிற உப்புக் காற்று, மயிரிழைச் செம்பை விட்டுவைக்குமா? கறுத்த பகுதி முழுவதையும் வெட்டி எறியுங்கள். கறுப்பு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்றால் கேபிளையே மாற்றுங்கள். புதுக் கனெக்டர் மேல் ரப்பர் டேப்பை இழுத்துப் பிடித்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் சுற்றுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு கோடையிலேயே பிரிந்துவிடும்.

கேபிளையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர் ஓடினால், விமானங்கள் தம் இடத்தை அறிவிக்கும் 1,090 மெகாஹெர்ட்ஸில் சுமார் 9 டெசிபெல் இழப்பு. ஆன்டெனா பிடித்ததில் எட்டில் ஒரு பங்குதான் கீழே வரும். கேபிள் டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 என்றால் இழப்பு 3 டெசிபெல்தான். அது 75 ஓம், டாங்கிள் 50 ஓம் என்று அஞ்ச வேண்டாம். சிக்னலைப் பிடித்துக் கேட்பதற்கு மட்டும் என்றால் அந்த வேறுபாடு பொருட்டே இல்லை.

கேள்வி: சிக்னல் வரவில்லை. நல்ல ஆன்டெனா சொல்லுங்கள். (வியாசர்பாடி)

எந்த அலைவரிசை? எவ்வளவு உயரம்? என்ன கேபிள்? ஒன்றுமே எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: டாங்கிள் பக்கத்தில் பூஸ்டர் வைத்தேன். எங்கு திருப்பினாலும் எஃப்எம் பாட்டு கேட்கிறது. (பெரம்பூர்)

பூஸ்டரைக் கழற்றுங்கள். நகரத்து எஃப்எம் நிலையங்களின் வலுவில் டாங்கிள் திணறுகிறது. அதையும் பெருக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் ஃபில்டர் போடுங்கள். பிறகும் பூஸ்டர் தேவைப்பட்டால் அதன் இடம் மாடியில், ஆன்டெனாவின் அடியில். கீழே வைத்தால் கேபிளில் இழந்தது திரும்பாது.

கேள்வி: அமெரிக்காவின் நோவா செயற்கைக்கோள்கள் அனுப்பும் வானிலைப் படம் திடீரென நின்றுவிட்டது. ஆன்டெனா கோளாறா? (திருவொற்றியூர்)

இல்லை. நோவா 15, 18, 19 மூன்றும் 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டன. ரஷ்யாவின் மீட்டியார் செயற்கைக்கோள்கள் அதே 137 மெகாஹெர்ட்ஸில் வருகின்றன. 53 சென்டிமீட்டர் கம்பிகள் இரண்டை, 120 பாகை விரித்து, படுக்கைவாட்டில் வையுங்கள். அங்கும் கனெக்டருக்கு ரப்பர் டேப் கட்டாயம். ஐப்பசியில் இடி கேட்கும்வரை காத்திராமல், வானம் கறுத்ததுமே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.