தருமபுரியிலிருந்து சென்னை போய்ச் சேரும்வரை ஒரு கல்லீரல் தாங்குமா?

கேள்வி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாதிரி ஊரில் ஒருவர் மூளைச்சாவு அடைந்தால், அவருடைய கல்லீரல் சென்னை போய்ச் சேரும்வரை கெடாமல் இருக்குமா? ஐஸ் பெட்டியைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

தாங்கும். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கல்லீரல் மாற்று ஓ.டி.யில் (அறுவை அரங்கில்) பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது தருமபுரியில் ஒரு ஐ.சி.யூ.வில் வேலை செய்கிறேன். தானம் பற்றிப் பேச்சு எடுத்தவுடன் குடும்பத்தார் கேட்கிற கேள்வியும் இதுவேதான். "அவ்ளோ தூரம் போறதுக்குள்ள கெட்டுப்போயிடாதா சிஸ்டர்? அப்புறம் எடுத்தும் பிரயோஜனம் இல்லாம போயிடுமே?" கொடுக்க மனம் இருப்பவர்களையும் இந்தத் தூரம் தயங்க வைக்கிறது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

இங்கிருந்து சென்னை சுமார் 300 கி.மீ. சாலையிலேயே போனாலும் ஐந்தாறு மணி நேரம். போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டால் இன்னும் குறையும். சேலம் என்றால் தொப்பூர் தாண்டி 65 கி.மீ.தான். இதயத்துக்குக் கிடைப்பது நாலைந்து மணி நேரம். சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்கும். கல்லீரல் இரண்டுக்கும் நடுவில். குளிரில் 12 மணி நேரம் என்பது மேல்வரம்பு, 8 மணி நேரத்துக்குள் முடிந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இது பயண நேரம் மட்டும் இல்லை. இங்கே ரத்த ஓட்டத்தை நிறுத்திக் குளிர்திரவம் பாய்ச்சிய நிமிடத்திலிருந்து, அங்கே நோயாளியின் வயிற்றுக்குள் வைத்துத் தைக்க ஆரம்பிக்கும்வரை உள்ள மொத்தக் கணக்கு. அதனால்தான் பெட்டி வந்து சேரட்டும் என்று சென்னையில் யாரும் காத்திருப்பதில்லை. கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று இங்கிருந்து போன் போனதுமே அங்கே நோயாளியை ஓ.டி.க்குள் எடுத்துவிடுவார்கள். பெட்டி வரும் நேரத்துக்குப் பழைய கல்லீரலை வெளியே எடுக்கும் கட்டம் நெருங்கியிருக்கும்.

சரி, குளிர் என்னதான் செய்கிறது? ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவர்கள் வெட்டிய பூவைக் குளிர் அறையில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூவுக்கு உயிர் போகவில்லை, வாடுவது மெதுவாகிறது, அவ்வளவுதான். கல்லீரலும் அப்படியே. 4 டிகிரியில் செல்களின் வேலை பத்தில் ஒரு பங்குக்குக் குறைகிறது. ஆனால் நின்றுவிடுவதில்லை. ஆக்சிஜன் வராமலே கொஞ்சம் கொஞ்சமாகக் கையிருப்புச் சக்தி தீர்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் ஓய்கிறது, செல் தண்ணீரை இழுத்து வீங்குகிறது. இன்னொரு பக்கம் சக்சினேட் என்ற பொருள், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவில் சேர்ந்துகொண்டே போகிறது. அதன் விளைவு உடனே தெரியாது. புது உடம்பில் சூடான ரத்தம் திடீரென்று பாயும்போது அந்தச் சக்சினேட் ஒரே மூச்சில் எரிந்து, நச்சான ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்கி, செல்களைச் சேதப்படுத்தும். ஆக, ஐஸ் பெட்டியில் இருக்கும் நேரத்துக்கான விலையைக் கல்லீரல் கொடுப்பது பெரும்பாலும் அதன் பிறகுதான்.

வெறும் ஐஸ் போதாது என்பதற்கும் இதுதான் காரணம். 1963ல் தாமஸ் ஸ்டார்சல் டென்வரில் முதல் கல்லீரல் மாற்றைச் செய்தார். அன்றிலிருந்து இருபது வருடங்களுக்கும் மேல் சில மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய ஓட்டமாகவே இருந்தது. 1980களின் பிற்பகுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சதர்டும் ஒரு திரவத்தைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் அதை யூ.டபிள்யூ. என்போம். செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளான லாக்டோபயனேட்டும் ராஃபினோஸும் அதில் இருப்பதால் செல் வீங்காது. கூடவே செல்லைக் காக்க அடினோசின், குளுட்டாதயோன், அலோபூரினால். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் மிக அதிகம் பேரின் உயிரைக் காப்பாற்றியது இந்தத் திரவம்தான். கல்லீரலை ராத்திரியில் எடுத்து, வேறு ஊருக்குக் கொண்டுபோய், காலையில் பொருத்தலாம் என்ற நிலை இதனால்தான் வந்தது. எச்.டி.கே. என்று இன்னொரு திரவமும் புழக்கத்தில் உண்டு. தண்ணீர் மாதிரி இலேசாக ஓடும், அளவு நிறைய வேண்டும்.

எடுக்கும்போது நடப்பது இது. முதலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் போகும். பெருந்தமனியில் குழாய் வைத்து, மேலே கிளாம்ப் போட்டு ரத்தத்தை நிறுத்தியவுடன் குளிர்ந்த திரவம் பாயும். வயிற்றுக்குள் நொறுக்கிய ஸ்டெரைல் ஐஸை அள்ளிப் போடுவார்கள். கருஞ்சிவப்பாக இருந்த கல்லீரல் கண்முன்னே வெளிறிப் பழுப்பாகும். திட்டுத் திட்டாக வெளிறினால் சர்ஜன் முகம் மாறிவிடும். எங்கோ திரவம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பித்தக்குழாயையும் கழுவியாக வேண்டும், தேங்கும் பித்தம் உள்சுவரை அரித்துவிடும். பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பை. கல்லீரலும் திரவமும் முதல் பையில், குளிர் சலைன் அடுத்ததில், வெளியே இன்னொன்று, அதற்கப்புறம்தான் ஐஸ் பெட்டி. ஐஸ் நேரடியாகப் பட்டால் அந்த இடம் உறைந்து செத்துவிடும். அங்கே போய்ப் பொருத்தும்போது ரத்த ஓட்டத்தைத் திறப்பதற்கு முன் யூ.டபிள்யூ.வை நன்றாகக் கழுவி வெளியேற்றுவார்கள். அதில் பொட்டாசியம் மிக அதிகம், அப்படியே உடம்புக்குள் போனால் இதயம் நின்றுவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வேறு வழி உண்டு. இயந்திரங்கள் வந்துவிட்டன.

ஒன்று, சூடான முறை. கல்லீரலை 37 டிகிரியில் வைத்து, சிவப்பணுக்கள், ஆக்சிஜன், இன்சுலின், சத்து எல்லாம் கொடுத்து உடம்புக்குள் இருப்பது போலவே ஓட்டுவது. ஆக்ஸ்போர்டில் பீட்டர் ஃபிரெண்டும் கான்ஸ்டன்டின் கூசியோஸும் உருவாக்கிய இயந்திரத்தில் வைத்த கல்லீரல் 2013ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதைவிட இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஐஸ் பெட்டியில் இருக்கும் கல்லீரல் நல்லதா கெட்டதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பொருத்திய பிறகுதான் தெரியும், அதற்குள் நோயாளியின் பழைய கல்லீரல் வெளியே போயிருக்கும். இயந்திரத்தில் அது வேலை செய்வதைப் பார்க்கலாம். லாக்டேட் என்ற கழிவுப் பொருள் இறங்குகிறதா, பித்தம் சுரக்கிறதா, சர்க்கரையைக் கையாளுகிறதா என்று சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம். இங்கிலாந்தில் 2020ல் வெளியான ஆய்வு ஒன்றில், எல்லா மையங்களும் வேண்டாம் என்று ஒதுக்கிய 31 கல்லீரல்களை இப்படி ஓட்டிப் பார்த்து 22ஐப் பொருத்தினார்கள். 22 பேரும் மூன்று மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். அவர்களில் 4 பேருக்குப் பின்னால் பித்தக்குழாய் சுருங்கி மறுபடியும் மாற்ற வேண்டி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பித்தக்குழாய்ப் பிரச்சினைக்குத்தான் இரண்டாவது முறை, குளிர் ஆக்சிஜன் முறை. பெட்டியில் வந்த கல்லீரலைப் பொருத்துவதற்கு முன் ஓரிரு மணி நேரம், சுமார் 10 டிகிரியில் ஆக்சிஜன் ஏற்றிய திரவத்தை ஓட்டுவது. ரத்தம் தேவையில்லை. நான் மேலே சொன்ன சக்சினேட் மெதுவாக, சேதம் செய்யாமல் எரிந்து தீர்கிறது, செல்லின் சக்தி மறுபடி நிரம்புகிறது. இதயம் நின்ற பிறகு தானம் செய்தவர்களின் கல்லீரலில் நெதர்லாந்துக் குழு செய்த ஆய்வு 2021ல் வந்தது. பித்தக்குழாய்ச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6ஆகக் குறைந்தது. எளிமையும் செலவும் பார்த்தால் நம் ஊருக்கு இதுதான் முதலில் பொருந்தும் என்பது என் எண்ணம். இயந்திரம் பெறும் மருத்துவமனையில் இருந்தால் போதும், ஆம்புலன்ஸில் வர வேண்டியதில்லை. சூடான முறையில் நடுவில் ஒரு குழாய் கழன்றால் கல்லீரலே போய்விடும். குளிர் முறையில் பழையபடி ஐஸுக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

சூரிச்சில் ஒரு கல்லீரலை மூன்று நாள் இயந்திரத்தில் வைத்து 2021ல் பொருத்தியிருக்கிறார்கள். பாஸ்டனில் உறையவிடாமல் மைனஸ் 4 டிகிரி வரை குளிர்வித்து 27 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள், அது ஆய்வுக்கூடத்தோடு சரி. இவை நம் மாவட்டத்துக்கு வர நாளாகும்.

ஆனால் ஒன்று இன்றைக்கே இங்கே நம் கையில் இருக்கிறது. கல்லீரலைப் பாதுகாப்பது ஐஸ் பெட்டியில் ஆரம்பிப்பதில்லை, ஐ.சி.யூ. கட்டிலில் ஆரம்பிக்கிறது. மூளைச்சாவு அடைந்தவுடன் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் நின்றுவிடும். லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போகும், ரத்தத்தில் சோடியம் ஏறும். 155ஐத் தாண்டிய சோடியத்தில் ஊறிய கல்லீரல் புது உடம்பில் தடுமாறும். பி.பி. விழும், உடம்பு சில்லிட்டுப் போகும். சட்டப்படி நாலு டாக்டர்கள் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும். அந்த நேரம் முழுக்க, நின்றுபோன ஹார்மோனுக்குப் பதிலாக வேசோபிரசின் கொடுத்து, சோடியத்தை மறுபடி மறுபடி பார்த்து, போர்வை போர்த்தி, பி.பி.யைத் தாங்கிப் பிடிப்பது டியூட்டியில் இருக்கும் நர்ஸின் கவனம். இந்த நேரத்தில் கைவிட்டால் எந்த இயந்திரமும் முழுதாக மீட்டுத் தராது. தேசிய நெடுஞ்சாலை 44ல், தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளில் தலையில் அடிபட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். கொழுப்புப் படிந்த கல்லீரல்தான் குளிரை மிக மோசமாகத் தாங்கும், இவர்களில் பலருக்கு அந்தத் தொல்லை இருக்காது. 300 கி.மீ. தாராளமாகத் தாங்கும்.

விபத்துக் கேஸ் என்றால் உறுப்பு எடுப்பதற்குப் போலீஸ் தரப்பு ஒப்புதலும் வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு நிலை வந்தால் அதைப் பற்றி டிரான்ஸ்டான் எனும் மாநில ஆணையத்தோடு தொடர்பில் இருக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள், அவர்தான் அந்த வேலையைப் பார்ப்பார். போஸ்ட்மார்ட்டத்தையும் இதோடு ஒட்டியே ஏற்பாடு செய்ய முடியும். உடம்பை முறையாகத் தைத்துத்தான் தருவார்கள். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது.