திருக்கடையூர் வரை வந்துவிட்டு தரங்கம்பாடியை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: வரும் மாசியில் ஒரு சனிக்கிழமை காலை திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஞாயிறு இரவு மயிலாடுதுறையில் ரயில். தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரம் போதும் என்கிறார்கள். அப்படியே காரைக்கால், திருநள்ளாறு, பூம்புகார் எல்லாம் முடித்துவிடலாமா? அப்பாவுக்கு முழங்கால் வலி, கூட இரண்டு குழந்தைகள்.

பதில்: முடிக்கலாம். ஆனால் வேன் ஜன்னலைத்தான் பார்த்திருப்பீர்கள். பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிட்டு, சனிக்கிழமை இரவு தரங்கம்பாடியிலேயே தங்குங்கள். திருக்கடையூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் அளவுதான்.

ஒரு மணி நேரக் கணக்கு எப்படி வருகிறது தெரியுமா? கல்யாணச் சாப்பாடு முடிந்து எல்லாரும் உச்சி வெயிலில் வருவார்கள். கோட்டை வாசலில் ஒரு போட்டோ, ஐஸ்கிரீம், கிளம்பு. நிழல் குறைவான ஊர் அது, மதியத்தில் யாருக்கும் பிடிக்காது. சனிக்கிழமை மதியம் அறையில் படுத்துத் தூங்குங்கள். நாலரை மணிக்கு மேல் வெளியே வந்தால் போதும்.

ஞாயிறு காலையில் சூரியன் நேராகக் கடலிலிருந்துதான் எழும். கரையோரம் இருக்கிற மாசிலாமணிநாதர் கோயிலிலிருந்து ஆரம்பியுங்கள். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் குழந்தைகளை ஏறவிடாதீர்கள், வழுக்கும். கடலில் குளிக்கவும் வேண்டாம், கால் நனைப்பதோடு சரி.

பக்கத்திலேயே டேனிஷ் கோட்டை. டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டியது. மேல்தளத்தில் ஆளுநர் இருந்தார். கீழே சமையல்கட்டு, கிடங்கு, சிறை. அப்பா கீழ்த்தளத்தைப் பார்த்துவிட்டு வெளியே காற்றில் உட்காரட்டும், மேலே ஏறாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. உள்ளே இருக்கிற அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்களுக்கு ஞாயிறு என்பதால் சிக்கல் இல்லை. நாள் மாறினால் மட்டும் இதை மறக்காதீர்கள்.

கோட்டையிலிருந்து மேற்கே போகிற கிங்ஸ் தெருவை நடந்தே பாருங்கள். கடைசியில் 1792ஆம் ஆண்டு நுழைவாயில் வரும். அதுவரை மெதுவாக நடந்தால் அரை மணி. அப்பாவுக்கு முடியாவிட்டால் ஒரு ஆட்டோ. வழியில் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம்.

இரண்டாவது ஆலயத்துக்குள்தான் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார். 1706 ஜூலையில் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். உங்கள் வீட்டுக் குழந்தைகளிடம் இதைச் சொல்லுங்கள், கோட்டையைவிட இதுதான் மனசில் நிற்கும். 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த அச்சு எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், இங்கேயே சின்ன எழுத்துகள் வார்த்தார்கள். பக்கத்து ஊரான பொறையாறில் காகிதம் செய்யவும் பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்துக்குப் பெயரே இருக்கிறது. 1719இல் இறந்தபோது அவருக்கு வயது 36. டேனிஷ்காரர்கள் 1845இல் இந்த ஊரையும் வங்காளத்தின் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

சாப்பாட்டுக்குக் கோட்டைப் பக்கம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பொறையாறுக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம் மற்ற ஊர்கள். திருநள்ளாறு சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், அன்றுதான் சனீஸ்வரருக்குக் கூட்டம் அலைமோதும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு பூம்புகார் போகலாம். கலைக்கூடத்தில் கண்ணகி கதையைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், வெயிலுக்கும் ஒதுங்கலாம். பழைய காவிரிப்பூம்பட்டினத்தையே கண்ணால் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போனால் ஏமாற்றம்தான். இல்லை, கோயில்தான் முக்கியம் என்று அம்மா சொன்னால், திருக்கடையூர் போகிற வழியில் அனந்தமங்கலத்தில் இறங்குங்கள். மூன்று கண், பத்துக் கையோடு ஆஞ்சநேயர். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் பன்னிரண்டுக்கு முன்பே. இரண்டில் ஒன்றுதான், இரண்டும் அல்ல.

மாசி நல்ல மாதம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. தங்குமிடம் குறைவு, இப்போதே சொல்லி வையுங்கள். கிடைக்காவிட்டால் காரைக்காலில் அறை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி வாருங்கள். மயிலாடுதுறை முப்பது கிலோமீட்டர்தான் என்றாலும் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டுவிடுங்கள்.