ஒரு பல்லுக்கு மட்டும் எதிர்ப்பு சக்தி குறையுமா?

களியக்காவிளையிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: எட்டு வயது மகளுக்கு மேல் முன்பல் விழுந்து ஏழு மாசமாகியும் முளைக்கவில்லை, பக்கத்துப் பல் அதற்கும் முன்பே வந்துவிட்டது. எதிர்ப்பு சக்தி செல்கள்தான் பல்லை வரவைக்கும், அது குறைவு என்று ஒருவர் பவுடர் தருகிறார். எடுத்துவைத்திருக்கிற பால்பல்லை ஸ்டெம்செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல்) வங்கியில் போடவும் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம். அவர் சொன்னதில் பாதி நிஜம், அதனால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள்.

புதுப்பல் எலும்புக்குள் கிடக்கிறது. அதைச் சுற்றியிருக்கிற பை போன்ற திசு ரத்தத்திலிருந்து மோனோசைட் என்கிற வெள்ளணுக்களைக் கூப்பிடும், அவை ஒன்றோடொன்று சேர்ந்து எலும்பை அரிக்கும் பெரிய செல்களாகி மேலே வழி திறந்துவிடும். பால்பல்லின் வேரைத் தின்பதும் இதே இனம்தான், விழுந்த பல்லைத் திருப்பிப் பாருங்கள், வேரே இருக்காது. இந்தச் செல்கள் சரியாக வேலை செய்யாத பிறவி எலும்பு நோய் ஒன்று உண்டு, அதில் பற்கள் உள்ளேயே நின்றுபோகும். ஆனால் அது அபூர்வம், கடுமையாக இருந்தால் ரத்தசோகை, எலும்பு முறிவு, பார்வைக் குறைவு என்று பல் விழும் வயதுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும், தவிர ஒரே ஒரு பல்லைத் தேடிப் பிடிக்காது. உங்கள் மகளுக்குத்தான் பக்கத்துப் பல் வந்துவிட்டதே!

ஜோடிப்பல், அதாவது மறுபக்கத்து அதே பல், வந்து ஆறு மாசம் தாண்டிவிட்டால் எக்ஸ்ரே, அவ்வளவுதான். அதிகப்படிப் பல் ஒன்று குறுக்கே கிடக்கலாம், சின்ன வயதில் அடிபட்டிருக்கலாம். பவுடர் அதை நகர்த்தாது.

வங்கி சமாச்சாரம். பால்பல்லில் ஸ்டெம்செல் உண்டு என்று 2003-லேயே கண்டுபிடித்தார்கள், சரி. ஆனால் டப்பாவில் ஏழு மாசம் காய்ந்த பல்லில் உயிருள்ள செல் எங்கே இருக்கும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலும் தொப்புள்கொடி ரத்த வங்கிக்கு மட்டும்தான் இடம் தருகிறது. கூரைமேல் எறிந்திருந்தாலும் நஷ்டமில்லை. திருவனந்தபுரத்தில் பெரிய டாக்டரைத் தெரியும், வண்டி வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று அடுத்து ஒருவர் வருவார், அவருக்கும் கமிஷன் உண்டு.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லத்தான் ஆசை. நான் அனுப்பிய ஒரு பையனை மிஷின் இருக்கிறது, ஆள் இல்லை என்று மூன்று தடவை திருப்பியனுப்பினார்கள். ஒருமுறை முயன்று பாருங்கள், இல்லையென்றால் வெளியே எடுங்கள், படத்தை மட்டும் கேட்டு வாங்கிவையுங்கள், அது கையில் இல்லாவிட்டால் அடுத்த டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார்.