டைவர்ஸ் கேஸ் இழுத்துக்கிட்டே போனா பசங்க என்ன ஆவாங்க?

கேஸ் முடியட்டும், அப்புறம் பசங்கள கவனிச்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு அப்படி விட்டுடாதீங்க. எதிர் தரப்புக்கு கோர்ட் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த ஆறு மாசத்துல கேஸ முடிக்கப் பாக்கணும்னு இந்து திருமணச் சட்டம் 21பி பிரிவுல இருக்கு, ஆனா நடைமுறைல வாய்தா மேல வாய்தா போய் வருஷக்கணக்காயிடும், அதுவரைக்கும் புள்ள அப்பாவ பாக்குறதே கோர்ட் சொன்ன ரெண்டு மணி நேரம்தான்னு ஆயிடும், திரும்பி வந்ததும் "அங்க என்ன கேட்டாரு, யாரு இருந்தா"ன்னு வீட்ல குறுக்கு விசாரணை வேற, பாவம், யாருக்கு சாதகமா பேசுறதுன்னு தெரியாம சில பசங்க வாயே திறக்க மாட்டாங்க. தூக்கம், படிப்பு எல்லாம் அடிபடும்.

அதே சட்டத்தோட 26ஆவது பிரிவுல கஸ்டடிக்கும் (அதாவது புள்ள யார்கிட்ட இருக்கணும்ங்கிறதுக்கும்) ஸ்கூல் செலவுக்கும் இப்பவே இடைக்கால ஆர்டர் கேளுங்க. பராமரிப்பு, படிப்புச் செலவு மனுவ கூடுமானவரை 60 நாள்ல முடிக்கணும்னு அதுலயே இருக்கு.